நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை: இதய நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிந்து உட்புறம் குறுகிவிட்டவர்களுக்கு, உட்கார்ந்திருக்கும்போது போதுமானதாக இருக்கும் ரத்த ஓட்டம், மாடிப்படி ஏறும்போதும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேகமாக நடக்கும்போதும், கோபத்தில் சத்தம் போடும்போதும் போதாமல் போகிறது. அப்போது நெஞ்சின் நடுப்பகுதியில் அழுத்தமாகவும் இறுக்கமாகவும் தோன்றி, சில வேளைகளில் இடது தோளுக்கும் கைக்கும் தாடைக்கும் பரவும் வலியைத்தான் மருத்துவர்கள் ஆஞ்சைனா என்று குறிப்பிடுகிறார்கள். செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினால் இந்த வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதை இன்னும் விரைவாகத் தணிப்பதற்கும், வரும் என்று தெரிந்த வலியை முன்கூட்டியே தடுப்பதற்கும் கொடுக்கப்படுவது நைட்ரேட் வகை மருந்து.

1879ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் நைட்ரோகிளிசரினால் ஆஞ்சைனா தணிவதை எழுதிய காலத்திலிருந்து இது புழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, பலன் நிச்சயம், மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும். இவ்வளவு பழகிய மருந்து என்பதாலேயே இதை அலட்சியமாகக் கையாளும் வழக்கமும் ஊறிப்போயிருக்கிறது. நின்றபடியே போட்டுக்கொண்டு மயங்கி விழுபவர்களும், வலி அடங்கட்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நேரத்தைக் கடத்துபவர்களும் உண்டு. நைட்ரேட் வலியைத் தணிக்கிறதே தவிர அடைப்பை நீக்குவதில்லை. 1995இல் வெளியான ஐசிஸ்-4 என்னும் பெரிய ஆய்வில், மாரடைப்பு என்ற சந்தேகத்துடன் சேர்க்கப்பட்ட 58,000க்கும் மேற்பட்ட நோயாளிகளில் பாதிப் பேருக்கு வாய்வழி நைட்ரேட் கொடுத்துப் பார்த்தும், ஐந்து வாரங்களில் இறந்தவர்களின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இந்த வரம்பை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியின் காரணமும் தானே விளங்கும்.

ஏற்கெனவே மருத்துவரிடம் காட்டி, ஆஞ்சைனா என்று உறுதிசெய்யப்பட்டு, நைட்ரேட் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வாழ்க்கையில் முதன்முறையாக இத்தகைய நெஞ்சுவலி வந்தவர் மாத்திரையைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

கையில் இருப்பது எந்த நைட்ரேட்?

நைட்ரேட் என்பது ஒரே மருந்தின் பெயரல்ல. உடனடி வலிக்குப் பயன்படுபவை ஒரு வகை, நாள்தோறும் வேளை தவறாமல் விழுங்கப்படுபவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, வலி வரும்போது கைக்குக் கிடைத்ததை எடுப்பது வீடுகளில் சர்வசாதாரணமாக நடக்கிறது.

தமிழ்நாட்டில் சார்பிட்ரேட் என்ற வணிகப் பெயரால் எல்லோருக்கும் தெரிந்திருப்பது ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்னும் மருந்து. அதன் 5 மி.கி. மாத்திரையை நாக்கின் அடியில் வைத்தால் இரண்டு முதல் ஐந்து நிமிடங்களில், சிலருக்குச் சற்றுத் தாமதமாக, வேலைசெய்யத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணிநேரம் வரை அதன் பலன் நீடிக்கும். கிளிசரில் டிரைநைட்ரேட், அதாவது நைட்ரோகிளிசரின், இன்னும் வேகமானது. நாக்கடி மாத்திரையாகவோ ஸ்பிரேயாகவோ பயன்படுத்தும்போது ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் பலன் தெரியும், ஏறத்தாழ அரை மணிநேரத்தில் அடங்கிவிடும். இலங்கையிலும் இங்கிலாந்திலும் இதைச் சுருக்கமாக ஜி.டி.என். என்பார்கள். இவற்றுக்கு மாறாக, ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் மாத்திரைகளும், 2.6 மி.கி. என்று அச்சிடப்பட்டு மெதுவாகக் கரையும் நைட்ரோகிளிசரின் மாத்திரைகளும் வலி வராமல் தடுப்பதற்கு உரியவை. வலி வந்துவிட்ட பிறகு இவற்றை விழுங்கினால் பலன் கிடைக்க அரை மணிநேரத்துக்கு மேலாகலாம். மெதுவாகக் கரைவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையைக் கடித்தோ பொடித்தோ சாப்பிடுவதும் கூடாது, முழு அளவும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்து அழுத்தத்தைச் சரித்துவிடக்கூடும்.

எனவே முதல் வேலை, மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ சென்று, எது உடனடி மாத்திரை, எது தினசரி மாத்திரை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உடனடி மாத்திரையின் அட்டைமேல் தமிழில் பெரிதாக ‘நெஞ்சுவலிக்கு – நாக்கின் அடியில்’ என்று ஒரு சீட்டு ஒட்டி வைப்பது. வீட்டில் வேறு யாராவது அவசரத்தில் எடுத்துக் கொடுக்க நேரும்போது இந்தச் சீட்டு உதவும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

நைட்ரேட் மருந்து உடலில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள தசையைத் தளர்த்துகிறது. தமனிகளைவிடச் சிரைகள்தாம் அதிகமாகத் தளர்கின்றன. சிரைகள் விரிந்ததும் ரத்தத்தின் ஒரு பகுதி கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்கி, இதயத்துக்குத் திரும்பி வரும் அளவு குறைகிறது. வரத்து குறைந்ததால் இதயம் விம்மிப் பம்பு செய்ய வேண்டிய உழைப்பும், அதற்குத் தேவையான ஆக்சிஜனும் குறைந்து, வலி தணிகிறது. இதயத் தமனிகளும் ஓரளவு விரிகின்றன. ஆக, இந்த மருந்தின் பலனும் அதன் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ரத்தம் காலில் தேங்கும் நேரத்தில் நின்றுகொண்டிருந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து தலைசுற்றும்.

விழுங்காமல் நாக்கடியில் வைப்பதற்கும் காரணம் உண்டு. விழுங்கிய நைட்ரோகிளிசரினின் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். நாக்கின் அடியில் மெல்லிய சவ்வுக்குக் கீழே நீலமாகத் தெரியும் சிரைகள் வழியாக ஏறும் மருந்து கல்லீரலைத் தொடாமல் நேராக இதயத்தை அடைகிறது.

நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து பெரும் செல்வம் சேர்த்த ஆல்ஃபிரட் நோபலுக்கு, அவருடைய கடைசி ஆண்டான 1896இல் மருத்துவர்கள் அதே பொருளை உள்ளுக்குச் சாப்பிட எழுதிக் கொடுத்தார்கள். விதியின் விளையாட்டு என்று அவரே நண்பருக்குக் கடிதம் எழுதினார். நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் வழங்கப்பட்டதும் அவர் பெயரிலான பரிசுதான். மாத்திரையில் உள்ள அளவு வெடிக்காது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது, அப்படி அஞ்சுபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

வலி வருவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, பேசக் கூச்சப்படும் கேள்வி. ஆண்மைக் குறைவுக்காக எடுத்துக்கொள்ளப்படும் சில்டெனாஃபில், வார்டெனாஃபில், டடாலாஃபில் முதலான மாத்திரைகளும் நைட்ரிக் ஆக்சைடு செல்லும் அதே பாதையில்தான் வேலைசெய்கின்றன. அவற்றோடு நைட்ரேட்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மீட்க முடியாத அளவுக்குச் சரிந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். சில்டெனாஃபிலோ வார்டெனாஃபிலோ எடுத்து 24 மணிநேரமும், டடாலாஃபில் எடுத்து 48 மணிநேரமும் கடப்பதற்கு முன் எந்த நைட்ரேட்டையும் தொடக்கூடாது. தினமும் நைட்ரேட் விழுங்கும் ஒருவர் இந்த மாத்திரைகளை எப்போதுமே எடுக்கக்கூடாது.

இதில் இரண்டு சந்துகள் வழியாக ஆபத்து நுழைகிறது. டடாலாஃபில், புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சரியாகப் போகாத முதியவர்களுக்கும் தினசரி மாத்திரையாக எழுதப்படுகிறது. நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்குச் சில்டெனாஃபிலும், அதே காரணத்தால் நைட்ரேட்டோடு சேரக்கூடாத ரியோசிகுவாட்டும் கொடுக்கப்படுகின்றன. இதய மருத்துவர் ஒருவரிடமும் சிறுநீரக மருத்துவர் வேறொருவரிடமும் காட்டும் நோயாளி, இரண்டு சீட்டுகளையும் இருவரிடமும் காட்டாவிட்டால் இந்த மோதல் யார் கண்ணிலும் படாது. இரண்டாவது சந்து, ‘வீரியம் தரும் மூலிகை’ என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் பொடிகளும் குளிகைகளும். இத்தகைய பொருள்களில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றன. அப்படி எதையாவது சாப்பிட்டவர் மருத்துவரிடம் தனியாகவாவது சொல்லிவிட வேண்டும். மனைவி, மக்கள் முன்னிலையில் கேட்டால் இல்லை என்று தலையாட்டும் மனிதர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் அதிகம். அதனால் இதைத் தனியாக அழைத்துக் கேட்கும் மருத்துவரே சரியான மருத்துவர் என்பது என் கருத்து.

அடுத்து, நைட்ரேட் ஒத்துவராத உடல்நிலைகள் சில உண்டு. மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ் இருப்பவர்கள், பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவர்கள், இதயத் தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழி அடைபடுபவர்கள், கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள், அண்மையில் தலையில் அடிபட்டவர்கள் அல்லது மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்கள் மருத்துவரின் வெளிப்படையான அனுமதியின்றி இதை எடுக்கக்கூடாது. ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புரோஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களுக்குத் தலைசுற்றல் கூடுதலாக இருக்கும். மது அருந்தியிருந்தால் அழுத்தம் இன்னும் இறங்கும். வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும் சித்திரை, வைகாசி நாட்களிலும், தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கும் நாட்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மாத்திரையை எங்கே, எப்படி வைப்பது?

நைட்ரோகிளிசரின் எளிதில் ஆவியாகும் பொருள். நாக்கடி மாத்திரை கண்ணாடிப் புட்டியில் வந்தால் அந்தப் புட்டியிலேயே இருக்க வேண்டும். கிழமைவாரியாக அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் மருந்து பிளாஸ்டிக்கில் ஊறிப் போய், மாத்திரையின் உருவம் மட்டும் மிஞ்சும். பஞ்சு அடைத்து வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. புட்டியைத் திறந்த தேதியை மேலே எழுதி வைத்து, எட்டு வாரங்களில் மீதியை அப்புறப்படுத்தச் சொல்வது பிரிட்டனின் வழக்கம். நம் ஊர் வெப்பத்துக்கு அதைவிடத் தளர்வான விதியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாக்கில் சுருக்கென்று இருந்தால் மாத்திரைக்கு வீரியம் இருக்கிறது என்று சொல்வதை நம்ப வேண்டாம். நல்ல மாத்திரையும் பலருக்கு எந்த உணர்வும் தருவதில்லை.

அட்டையில் வரும் ஐசோசார்பைடு டைநைட்ரேட் இவ்வளவு நுணுக்கமானதல்ல, ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கடையில் ஐந்து மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பார்கள். காலாவதித் தேதி அச்சிடப்பட்ட முனை கடைக்காரரிடமே தங்கிவிடும். பல மாதங்கள் கழித்துப் பணப்பையிலிருந்து எடுக்கும்போது வெள்ளித்தாள் கிழிந்து, உள்ளே மஞ்சளித்துப் பொடிந்த ஏதோ ஒன்று இருக்கும். முழு அட்டையாகவே வாங்கி, தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்துக்கொள்வது பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஸ்பிரே வைத்திருப்பவர்கள் அதை வெயிலில் நிற்கும் காரிலோ சமையலறை அடுப்புக்கு அருகிலோ விடக்கூடாது.

சட்டைப் பையில் உடல் சூடும் வியர்வையும் படும் என்பதால் நீண்ட நேரம் வைப்பதற்கு அது ஏற்ற இடமல்ல. ஆனாலும் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும் மாத்திரையைவிடப் பையில் இருக்கும் மாத்திரை மேலானது. காலை நடைப்பயிற்சிக்குப் பை இல்லாத உடையில் கிளம்புபவர்களும், வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போகிறவர்களும் மாத்திரையைச் சட்டையோடு வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். வலி வருவதோ பெரும்பாலும் நடக்கும்போதுதான். சிறிய துணிப்பை ஒன்றில் மாத்திரையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும், வீட்டு எண்ணும் வைத்துக்கொள்ளலாம்.

வலி வந்ததும்: படிப்படியாக

முதல் படி, நிறுத்துவது. நடந்துகொண்டிருந்தால் நிற்க வேண்டும், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்த வேண்டும், வாக்குவாதத்தில் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். இந்த மாடியை ஏறி முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு ஆபத்தானது.

இரண்டாம் படி, உட்காருவது. சாய்மானம் உள்ள நாற்காலி நல்லது, திண்ணையோ படிக்கட்டோ நடைபாதை ஓரமோ கிடைத்தாலும் போதும். நிற்கக்கூடாது என்பதற்கான காரணத்தை மேலே பார்த்தோம். முழுவதும் மல்லாந்து படுத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி வலி குறையத் தாமதமாகும். இரவில் வலியோடு விழிப்பவர்கள் எழுந்து விளக்கைத் தேடி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அப்படியே கழிப்பறைக்கும் போவார்கள். கழிப்பறைத் தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இப்படித்தான் நேர்கிறது. மாத்திரையைக் கட்டிலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்து போட்டு, கால் மணிநேரமாவது அங்கேயே இருக்க வேண்டும்.

மூன்றாம் படி, மணியைப் பார்ப்பது. வலி தொடங்கிய நேரத்தையும் மாத்திரை வைக்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும், அருகில் யாராவது இருந்தால் அவர்களிடம் சத்தமாகச் சொல்ல வேண்டும். வலியில் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் இருபதாகவும், பயத்தில் இருபது நிமிடம் இரண்டாகவும் தோன்றும்.

நான்காம் படி, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவில் ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து வாயை மூடிக்கொள்வது. வாய் வறண்டிருந்தால் முதலில் ஒரு மிடறு தண்ணீரால் நனைத்துக்கொள்ளலாம். வறண்ட வாயில் மாத்திரை கரையாது. கரையும்வரை எச்சிலைக் கூடியவரை விழுங்காமலும், தண்ணீர் குடிக்காமலும், புகைக்காமலும், வெற்றிலை பாக்கு போடாமலும் இருக்க வேண்டும். ஸ்பிரே என்றால், புட்டியை நிமிர்த்திப் பிடித்து, வாயைத் திறந்து, மூச்சை உள்ளிழுக்காமல் நாக்கின் அடியில் ஒருமுறை அழுத்தி, உடனே வாயை மூட வேண்டும். ஆஸ்துமா ஸ்பிரே பழகியவர்கள் இதையும் நெஞ்சுக்குள் இழுத்துவிடுகிறார்கள், அது தவறு. புதிய ஸ்பிரேயையும் நாள்கணக்கில் தொடாத ஸ்பிரேயையும் முதலில் காற்றில் அடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை முறை என்பது அதனுடன் வரும் தாளில் இருக்கும்.

ஐந்தாம் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது. ஐந்து நிமிடம் கழித்து மூன்று நிலைகளில் ஒன்று இருக்கும்.

வலி முழுவதும் போய்விட்டால், கரையாமல் மீதி இருக்கும் மாத்திரையைத் துப்பிவிடலாம். சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, மெதுவாக எழுந்து, அன்றைக்கு இனி அந்த வேலையை விட்டுவிட வேண்டும்.

வலி சற்றும் குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால், அமெரிக்க வழிகாட்டுதல்படி முதல் மாத்திரைக்குப் பிறகு ஐந்து நிமிடத்திலேயே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பிரிட்டன் வழிகாட்டுதல்படி இரண்டாவது மாத்திரையைப் போட்டு, இன்னும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அழைக்க வேண்டும். மூன்று மாத்திரை போட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொன்னது பழைய முறை, அதைப் பலர் இன்னும் மறக்கவில்லை. உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று ஒரு முறையை வகுத்துக் கொடுத்திருந்தால் அதுவே உங்கள் விதி. அப்படி எதுவும் சொல்லப்படாதவர்கள், முதல் மாத்திரைக்கு வலி குறையாதபோதே, இரண்டாவதற்குக் காத்திராமல் 108ஐ அழைத்துவிடுவதே நல்லது என்பேன். கிராமத்துக்கு வண்டி வந்து சேரவும், அங்கிருந்து ஆஞ்சியோ வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகவும் ஆகும் நேரத்தை நினைத்தால், வீட்டில் உட்கார்ந்து செலவழிக்க ஐந்து நிமிடம்கூட மிச்சமில்லை.

வலி குறைந்திருக்கிறது, ஆனால் முழுதும் போகவில்லை என்றால், தலைசுற்றல் இல்லாதபோது இரண்டாவது மாத்திரையை வைக்கலாம். அதற்கும் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வலி மிச்சமிருந்தால் அழைப்பதில் தயக்கம் வேண்டாம். எந்தக் கணக்கிலும் பதினைந்து நிமிடத்தில் மூன்று மாத்திரைக்கு மேல் கூடாது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது, ஒவ்வாமையோ அண்மையில் வயிற்றில் ரத்தக் கசிவோ இல்லாதவர்கள் 300 மி.கி. அளவுக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மாரடைப்பு என்றால் உயிரைக் காப்பதில் நிரூபிக்கப்பட்ட பங்கு அதற்கு உண்டு. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் உதவியாகக் கொடுக்க வைத்திருப்பவை ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள். அந்தத் தொகுப்பில் நைட்ரேட் இல்லை என்பதைக் கவனிக்கலாம். தானே வண்டியை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புவதும், இரு சக்கர வாகனத்தின் பின்னால் உட்கார்ந்து போவதும் கூடவே கூடாது.

ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாத வலி

வழக்கமாக வரும் வலியைப் போல் இல்லாமல் வேறு மாதிரி வந்தால், குளிர்ந்த வியர்வையோ மூச்சுத்திணறலோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்திருந்தால், உழைப்பு எதுவும் இல்லாமல் ஓய்வில் வந்தால், மாத்திரை வைப்பதும் 108ஐ அழைப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மிக முதியவர்களுக்கும் வலியே இல்லாமல், மூச்சு வாங்குவது, மேல்வயிற்றில் பிசைவது, காரணமில்லாத களைப்பு ஆகியவையே மாரடைப்பின் அடையாளமாக இருக்கலாம். ‘கேஸ் பிடித்திருக்கிறது’ என்று சொல்லிச் சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் கழித்த மணிநேரங்களைப் பற்றி எந்த இதய மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வதற்குக் கதை இருக்கும்.

நைட்ரேட்டுக்கு வலி அடங்கியதா, அடங்கவில்லையா என்பதை வைத்து நோயை முடிவுசெய்வதும் தவறு. உணவுக்குழாய் இறுக்கத்தால் வரும் வலியும் இந்த மருந்துக்கு அடங்கும். மாரடைப்பு வலியும் சற்று நேரம் அடங்கிப் பிறகு திரும்பலாம். ஈசிஜியும், இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் டிரோப்போனின் என்னும் புரதத்துக்கான பரிசோதனையும்தான் அதைச் சொல்ல முடியும்.

அடுத்தவர் மாத்திரை

பேருந்திலோ கல்யாண மண்டபத்திலோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் நல்லெண்ணத்தில் தன் பையிலிருந்து சார்பிட்ரேட்டை எடுத்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘உயிர் காக்கும் மாத்திரைத் தொகுப்பு’ச் செய்திகள் இதை ஊக்குவிக்கின்றன. அவருடைய ரத்த அழுத்தம் என்ன, முந்தைய இரவு என்ன மாத்திரை சாப்பிட்டார், மாரடைப்பு இதயத்தின் வலது கீழறையைத் தாக்கியிருக்கிறதா என்பது கொடுப்பவருக்குத் தெரியாது. வலது கீழறை பாதிக்கப்பட்டவருக்கு இதயத்துக்குத் திரும்பும் ரத்தம்தான் ஆதாரம். நைட்ரேட் அதையே குறைத்துவிடும். அவரை உட்காரவைத்து, 108ஐ அழைத்து, நினைவிழந்து மூச்சும் நின்றால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்குவதே செய்யக்கூடியது.

வலி வருமுன் போட்டுக்கொள்வது

இந்த மருந்தின் மிக நல்ல பயனைப் பலர் அறிவதில்லை. படியேறுவது, குளிர்ந்த காலையில் நடப்பது, தாம்பத்திய உறவு போன்ற குறிப்பிட்ட செயலால் வலி வரும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அதற்கு ஐந்து முதல் பத்து நிமிடம் முன்பாக உட்கார்ந்து ஒரு மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொள்ளலாம். மலைக்கோயிலின் படிகளை ஏறிவிட இது அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றாட வேலைகளுக்கு மட்டுமே இது உரியது.

தலைவலியும் பிற தொல்லைகளும்

தலைவலி இந்த மருந்தின் கூடப்பிறந்தது. 1847இல் நைட்ரோகிளிசரினை முதலில் தயாரித்த இத்தாலியர் அஸ்கானியோ சோப்ரேரோவே நாக்கில் சிறிது தொட்டுப் பார்த்துத் தலைவலியால் துன்பப்பட்டார். பாராசிட்டமால் போதும். தொடர்ந்து பயன்படுத்துகையில் பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ இது குறைந்துவிடும். முகம் சிவந்து சூடாவதும், படபடப்பும் வந்துபோகும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் படுக்கவைத்துக் கால்களைத் தலையணைமேல் உயர்த்த வேண்டும், தேங்கிய ரத்தம் திரும்பிவிடும். அதற்குப் பிறகும் தெளியாவிட்டாலோ உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தலைவலிக்குப் பயந்து அடுத்த முறை மாத்திரையைத் தவிர்ப்பவர்கள், ஸ்பிரேக்கோ குறைந்த அளவுக்கோ மாற்றித் தருமாறு கேட்கலாம்.

தினசரி நைட்ரேட்: இடைவெளி ஏன் வேண்டும்?

நாள் முழுவதும் நைட்ரேட் ரத்தத்தில் இருந்துகொண்டே இருந்தால் உடல் அதற்குப் பழகிப்போய், பலன் மங்கிவிடும். வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் இது முன்பே தெரிந்திருந்தது. விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் தலைவலி, வாரத்தின் நடுவில் அது மறைந்துவிடும், அடுத்த திங்களன்று மீண்டும் வரும். அவர்களில் சிலருக்கு நைட்ரேட் இல்லாத விடுமுறை நாட்களில் நெஞ்சுவலியும் மரணமும் நேர்ந்தன. இந்தக் கதையிலிருந்து இன்றைய நோயாளிக்கு இரண்டு விதிகள் கிடைக்கின்றன.

ஒன்று, நாளுக்குப் பத்து முதல் பதினான்கு மணிநேரம் நைட்ரேட் இல்லாத இடைவெளி தேவை. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் 20 மி.கி. சாதாரண மாத்திரையை இரண்டு வேளை எழுதினால், காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் என்பதே அதன் பொருள். இரண்டு வேளை என்றதும் காலை, இரவு என்று எடுத்துக்கொள்வது நம் வழக்கம். அப்படிச் சாப்பிட்டால் இடைவெளியே இல்லாமல் போய்விடும். தோலில் ஒட்டும் பட்டையையும் 12 முதல் 14 மணிநேரத்தில் எடுத்துவிட்டு, மறுநாள் வேறு இடத்தில் புதியதை ஒட்ட வேண்டும். இரவில்தான் வலி வருகிறது என்பவர்களுக்கு இடைவெளியைப் பகலுக்கு மாற்றலாம், அது மருத்துவர் செய்ய வேண்டிய மாற்றம்.

மற்றொன்று, தினசரி நைட்ரேட்டைத் திடீரென நிறுத்தக்கூடாது. ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துபோவதும் நிறுத்துவதுதான்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, நேரம், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை மாத்திரை, எத்தனை நிமிடத்தில் தணிந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘அப்பப்ப வருது டாக்டர்’ என்பதைவிட இந்த ஐந்து விவரங்கள் மருத்துவருக்குப் பல மடங்கு பயன்படும். முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்த வலி இப்போது ஒரு மாடியிலேயே வருகிறது, முன்பு ஒரு மாத்திரைக்கு அடங்கியது இப்போது இரண்டு கேட்கிறது, வாரத்துக்கு ஒருமுறை வந்தது தினமும் வருகிறது என்றால், அடைப்பின் நிலை மாறியிருக்கலாம். அடுத்த மாதம் குறித்திருக்கும் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்களும் பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களும், வலி போய்விட்டது என்று மாத்திரையைத் தாமாகத் தூக்கி எறிய வேண்டாம். எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். மூன்று மாதமோ மூன்று வருடமோ கழித்து அதே பழைய வலி திரும்பினால், அதை முதன்முறை வந்த வலியாகவே கருதி 108ஐ அழைக்க வேண்டும்.